நாட்டுக்குப் பிறந்தநாள் உண்டா? தேசிய தினங்களும் அவற்றைப் பற்றிய பயணக்கட்டுரைகளும்

மே 5 வந்துவிட்டால் அமெரிக்காவில் பலர் அதை மெக்சிகோவின் சுதந்திர தினம் என்று சொல்லிக் கொண்டாடுவார்கள். அது சுதந்திர தினமே இல்லை. 1862-இல் புவெப்லா என்ற ஊரில் மெக்சிகோப் படை பிரெஞ்சுப் படையை முறியடித்த நாள் அது. மெக்சிகோவின் சுதந்திர தினம் செப்டம்பர் 16. அதேபோல ஜூலை 14-ஐ வெளியுலகம் 'பாஸ்டில் தினம்' என்கிறது. பிரெஞ்சுக்காரர்கள் வாயில் அந்தப் பெயர் வராது. 'ஜூலை 14' என்பார்கள், இல்லாவிட்டால் 'தேசிய விழா' என்பார்கள். நார்வேயின் மே 17-ஐச் சுதந்திர தினம் என்று எழுதிவிட்டுப் போகிறவர்களும் உண்டு. அன்று நார்வேக்குச் சுதந்திரம் கிடைக்கவில்லை.

'தேசிய தினம்' என்ற சொல்லை எல்லாரும் புழங்குகிறோம். அது என்ன என்று ஒரு நிமிடம் நின்று கேட்பதில்லை. பயணக்கட்டுரையின் நிலையும் அதுதான். எங்கே போகலாம், எங்கே தங்கலாம் என்று சொல்வதுதானே அது என்று நினைப்பவர்கள் நிறைய. அப்படி நினைப்பவர்கள் கையில் அயல்நாட்டுக் கொண்டாட்டம் ஒன்றைப் பற்றிய நல்ல கட்டுரை அகப்பட்டால் ரசித்துப் படிப்பார்கள். ஆனால் ஏன் பிடித்தது என்று கேட்டால் சொல்லத் தெரியாது. இரண்டையும் சேர்த்து விளக்கினால்தான் இரண்டும் புரியும் என்பது என் அனுபவம். அனுபவம் என்றால் வாசிப்பு அனுபவம். கீழே வரும் நாடுகளை நான் படித்துத்தான் அறிந்திருக்கிறேன்.

## பிறந்தநாளைவிடக் கல்யாண நாள் பொருந்தும்

தேசிய தினத்தை 'நாட்டின் பிறந்தநாள்' என்று சொல்லிப் பழகிவிட்டோம். குழந்தை பிறந்த நேரத்தை மருத்துவமனையில் நிமிடக் கணக்கில் குறித்துவைக்கிறார்கள். நாடு அப்படி ஒரு நிமிடத்தில் பிறப்பதில்லை.

ஒரு தம்பதியை எடுத்துக்கொள்ளுங்கள். முதன்முதலில் பார்த்துக்கொண்ட நாள் ஒன்று. மனதில் இருந்ததைச் சொன்ன நாள் ஒன்று. இரண்டு வீட்டாரும் சம்மதித்த நாள் ஒன்று. பதிவு அலுவலகத்தில் கையெழுத்துப் போட்ட நாள் ஒன்று. 'உங்கள் நாள் எது?' என்று கேட்டால் இவற்றில் ஏதோ ஒன்றைத்தான் சொல்வார்கள். எதைச் சொல்கிறார்கள் என்பதிலேயே, தங்கள் கதையை எங்கிருந்து தொடங்க விரும்புகிறார்கள் என்று தெரிந்துவிடும். வீட்டை எதிர்த்துச் சேர்ந்தவர்கள், பெட்டியைத் தூக்கிக்கொண்டு வெளியேறிய நாளைச் சொன்னாலும் ஆச்சரியமில்லை.

அமெரிக்காவைப் பாருங்கள். பிரிட்டனிடமிருந்து பிரிவது என்று குடியேற்றப் பகுதிகளின் பிரதிநிதிகள் கூடி முடிவெடுத்தது 1776 ஜூலை 2. மறுநாள், அந்தப் பிரதிநிதிகளில் ஒருவரான ஜான் ஆடம்ஸ் தன் மனைவிக்கு எழுதிய கடிதத்தில், வரும் தலைமுறைகள் ஜூலை 2-ஐ ஊர்வலமும் விளக்கொளியுமாகக் கொண்டாடப்போகின்றன என்று உறுதியாகச் சொன்னார். பாவம், இரண்டு நாளில் தப்பிவிட்டது. பிரிவை உலகுக்கு அறிவித்த சுதந்திரப் பிரகடனத்தின் வாசகம் ஏற்கப்பட்டது ஜூலை 4. அந்தத் தேதிதான் பிரகடனத்தின் தலைப்பில் இருந்தது. அதுவே மக்கள் மனதில் நின்றுவிட்டது. பிரதிநிதிகளில் பெரும்பாலோர் கையெழுத்திட்டது ஆகஸ்ட் 2-இல். பிரிட்டன் ஒப்புக்கொண்டு ஒப்பந்தம் போட்டதோ 1783 செப்டம்பர் 3. இப்படி நான்கு தேதிகள் இருந்தும் வாணவேடிக்கை கிடைத்தது ஒன்றுக்குத்தான்.

இப்போது வரையறைக்கு வரலாம். ஒரு நாடு தன் வரலாற்றிலிருந்து ஒரு தேதியைத் தேர்ந்தெடுத்து, 'இது எங்கள் எல்லாருக்குமான நாள்' என்று ஆண்டுதோறும் அரசு முறையில் கொண்டாடினால் அது தேசிய தினம். சுதந்திர தினம் அதில் ஒரு வகைதான். புரட்சி நடந்த நாள், அரசியல் சட்டம் எழுதிய நாள், அரசரின் பிறந்தநாள், ஒரு புனிதரின் நாள் என்று எதுவும் தேசிய தினமாகலாம். தூதரகங்கள் விருந்து வைப்பதும் மற்ற நாட்டுத் தலைவர்கள் வாழ்த்து அனுப்புவதும் இந்தத் தேதியை ஒட்டித்தான். அதனால் இப்படியொரு நாளே இல்லாத நாடுகூட ஏதாவது ஒரு தேதியைக் கைவசம் வைத்திருக்க வேண்டியிருக்கிறது. பிரிட்டனுக்குச் சட்டப்படி தேசிய தினம் கிடையாது. அதன் தூதரகங்கள் மன்னரின் 'அதிகாரபூர்வப் பிறந்தநாளை' வைத்து ஒப்பேற்றிக்கொள்கின்றன. மூன்றாம் சார்லஸ் பிறந்தது நவம்பரில். அதிகாரபூர்வப் பிறந்தநாள் ஜூனில். அந்த ஊர் மழைக்கு அது நல்ல ஏற்பாடுதான்.

## வேண்டாமென்று விட்ட தேதிகள்

தேர்வு என்று வந்துவிட்டால் ஒதுக்கப்பட்டவையும் இருக்கும். ஒரு நாட்டின் தேசிய தினம் புரியவில்லையா? 'வேறு எந்த நாளை வைத்திருக்கலாம், ஏன் வைக்கவில்லை?' என்று கேட்டுப்பாருங்கள். பாதி விளங்கிவிடும்.

ஜெர்மனியில் இந்தக் கேள்வி பளிச்சென்று வேலை செய்கிறது. பெர்லின் சுவர் திறந்தது 1989 நவம்பர் 9 இரவு. மக்கள் சுவர்மேல் ஏறி நின்று ஆடினார்கள். கண்ணீரும் சிரிப்புமாக உலகமே பார்த்தது. கொண்டாட அதைவிடப் பொருத்தமான நாள் கிடைக்குமா? ஆனால் 1938-இல் இதே நவம்பர் 9 இரவில்தான் யூதர்களின் கடைகள் நாடெங்கும் நொறுக்கப்பட்டன, அவர்களுடைய வழிபாட்டிடங்கள் எரிக்கப்பட்டன. அந்தத் தேதியில் வாணவேடிக்கை விட முடியாது. ஆகவே இரு ஜெர்மனிகளும் சட்டப்படி ஒன்றான 1990 அக்டோபர் 3 தேசிய தினமானது. ஏதோ கோப்பில் முத்திரை குத்திய நாள் போன்ற தேதி. கண்ணில் நிற்கும் காட்சி எதுவும் அதற்கு இல்லை. அந்தக் குறையை நான் அந்த நாட்டின் அடக்கமாகவே எடுத்துக்கொள்கிறேன். மைய விழாவும் ஒரே ஊரில் நடப்பதில்லை. ஆண்டுக்கொரு மாநிலமாகச் சுற்றிவருகிறது.

பிரான்சின் கதை இன்னும் சுவையானது. 1789 ஜூலை 14-இல் பாரிஸ் மக்கள் பாஸ்டில் கோட்டைச் சிறையைத் தாக்கிப் பிடித்தார்கள். உள்ளே இருந்த கைதிகள் 7 பேர்தான். கைதிகளை மீட்பதைவிட, கோட்டையில் இருந்த வெடிமருந்துதான் கூட்டத்துக்கு வேண்டியிருந்தது. அன்று ரத்தமும் சிந்தியது. கோட்டைத் தலைவரின் தலையை ஈட்டியில் குத்திக்கொண்டு ஊர்வலம் போனார்கள். சரியாக ஓராண்டு கழித்து, 1790 ஜூலை 14-இல், அதே பாரிஸில் ஒரு பெரிய ஒற்றுமை விழா நடந்தது. மழை கொட்டியது. பதினாறாம் லூயி மன்னர், நாட்டின் புதிய ஏற்பாட்டை மதிப்பேன் என்று எல்லார் முன்னிலையிலும் உறுதிமொழி எடுத்தார்.

90 ஆண்டுகள் போயின. 1880-இல் ஜூலை 14-ஐத் தேசிய விழாவாக்கும் சட்டம் வந்தபோது சிலர் முகம் சுளித்தார்கள். தலையை வெட்டிய நாளையா கொண்டாடுவது? அவர்களைச் சமாதானப்படுத்த, 'மறு ஆண்டின் ஜூலை 14-உம் இருக்கிறதே' என்று நினைவூட்டப்பட்டது. கடைசியில் நிறைவேறிய சட்ட வாசகத்தில் ஆண்டே குறிப்பிடப்படவில்லை. வெறும் 'ஜூலை 14'. புரட்சியை விரும்புகிறவர் 1789 என்று நினைத்துக்கொள்ளலாம், அமைதியை விரும்புகிறவர் 1790 என்று நினைத்துக்கொள்ளலாம். சண்டை போட்ட இரண்டு தரப்பும் ஒரே நாளில் பட்டாசு வெடிக்க வழி செய்த வாசகம் அது. பிரெஞ்சுக்காரர்கள் பாஸ்டிலின் பெயரைச் சேர்க்காமல் தேதியை மட்டும் சொல்வது இந்த வாசகத்துக்கு அச்சாகப் பொருந்துகிறது.

நார்வே இன்னொரு மாதிரி. சுமார் 400 ஆண்டுகள் டென்மார்க்கோடு இருந்த நார்வே, 1814-இல் ஸ்வீடனிடம் ஒப்படைக்கப்படவிருந்தது. இடையில் கிடைத்த சில மாதங்களில் நார்வேக்காரர்கள் எய்ட்ஸ்வோல் என்ற இடத்தில் கூடி, தங்களுக்கென்று ஓர் அரசியல் சட்டத்தை எழுதிக் கையெழுத்திட்டுவிட்டார்கள். அந்த நாள் மே 17. அதே ஆண்டின் முடிவுக்குள் ஸ்வீடனோடு சேரத்தான் வேண்டியிருந்தது; ஆனால் அந்தச் சட்டம் பெரும்பாலும் கையோடு தங்கியது. உண்மையில் ஸ்வீடனைவிட்டுப் பிரிந்தது 1905 ஜூன் 7. அதைத் தேசிய தினமாக்கியிருக்கலாம். ஆக்கவில்லை. மே 17-க்கு அதற்குள் வயதேறியிருந்தது, வடுவும் இருந்தது: 1829-இல் மே 17-ஐக் கொண்டாடக் கூடியவர்களைக் குதிரைப்படை விரட்டியடித்தது, பிறகு ஜெர்மனி ஆக்கிரமித்திருந்த ஆண்டுகளில் கொண்டாட்டத்துக்கே தடை. 1945 மே 8-இல் ஆக்கிரமிப்பு முடிந்தது. ஒன்பதே நாளில் மே 17 வந்தது. அன்று தெருக்கள் எப்படி இருந்திருக்கும் என்று சொல்லத் தேவையில்லை.

மற்ற சில நாடுகளை வேகமாகப் பார்த்துவிடலாம். ஸ்விட்சர்லாந்து ஆகஸ்ட் 1-ஐக் கொண்டாடுகிறது; அதற்கு ஆதாரமான 1291-ஆம் ஆண்டு உடன்படிக்கையில் 'ஆகஸ்ட் தொடக்கத்தில்' என்றுதான் இருக்கிறது, தேதி கிடையாது. ஜப்பானின் பிப்ரவரி 11, முதல் பேரரசர் அரியணை ஏறியதாகப் புராணம் சொல்லும் நாள். போர்ச்சுகலின் ஜூன் 10 எனக்கு மிகவும் பிடித்தது. 1580-இல் அந்தத் தேதியில் இறந்துபோன கமோயிஷ் என்ற கவிஞரின் நினைவு நாள் அது. வாஸ்கோ ட காமாவின் கடற்பயணத்தைக் காவியமாகப் பாடியவர் அவர். ஒரு பயணத்தை எழுதியவர் கண்மூடிய நாளை ஒரு நாடே தன் நாளாக வைத்திருக்கிறது.

இதுவரை பார்த்ததைச் சுருக்கினால்: தேசிய தினம் தானாக அமைவதில்லை, யாரோ தேர்ந்தெடுக்கிறார்கள். சுதந்திரம் அதில் ஒரு காரணம் மட்டுமே. எந்த நாளைத் தள்ளினார்கள் என்று பார்த்தால் எடுத்த நாளின் பொருள் துலங்கும்.

## தேதி எப்படி விழாவாகிறது?

தேதியைச் சட்டம் போட்டு அறிவித்துவிடலாம். மக்கள் அதைக் கொண்டாட வேண்டுமே? அங்கேதான் சடங்கு வருகிறது. சடங்கு என்றதும் மதத்தை மட்டும் நினைக்க வேண்டாம். ஒரே செயலை, ஒரே வரிசையில், ஒரே பொழுதில், பலர் சேர்ந்து திரும்பத் திரும்பச் செய்தால் அது சடங்கு. பிறந்தநாள் பாட்டை எல்லாரும் ஒரே மெட்டில் பாடி முடித்த பிறகுதான் கேக்கை வெட்டுகிறோம். யாராவது முதலிலேயே கத்தியை எடுத்துவிட்டால் என்னவோ தப்பு நடந்தமாதிரி எல்லாரும் கத்துவார்கள் அல்லவா, அதுதான் சடங்கின் பலம்.

மெக்சிகோவில் செப்டம்பர் 15 இரவு 11 மணி வாக்கில், தலைநகரின் பெரிய சதுக்கத்தை ஒட்டிய அரண்மனை மாடத்துக்கு அதிபர் வருகிறார். ஒரு மணியை அடிக்கிறார். விடுதலை வீரர்களின் பெயர்களை ஒவ்வொன்றாகச் சொல்லி 'வாழ்க' என்கிறார். கூட்டம் 'வாழ்க' என்று திருப்பிச் சொல்கிறது. கடைசியில் மூன்று முறை 'மெக்சிகோ வாழ்க'. 1810 செப்டம்பர் 16 அதிகாலையில் தொலோரெஸ் என்ற சிற்றூரில் மிகுவேல் இதால்கோ என்ற பாதிரியார் மணியடித்து மக்களைக் கிளர்ச்சிக்கு அழைத்ததன் நினைவு இது. அதிபர் அடிப்பதும் அதே மணிதான். 1896-இல் தலைநகருக்குக் கொண்டுவந்து மாட்டினார்கள். இதால்கோ அன்று என்ன வார்த்தைகளைச் சொன்னார் என்பதற்கு உறுதியான பதிவு கிடையாது. சுதந்திரம் கைக்கு வந்ததும் 1821-இல்தான். அதற்குப் பத்து வருஷம் முன்னாலேயே இதால்கோவைச் சுட்டுக் கொன்றுவிட்டார்கள். வெற்றி கிடைத்த நாளை விட்டுவிட்டு, தோற்றுப்போன ஒருவர் குரல் கொடுத்த நாளைப் பிடித்துக்கொண்டிருக்கிறார்கள்.

சதுக்கத்தில் நிற்பவர்களில் ஒருவருக்கு மற்றவரைத் தெரியாது. நாட்டின் மறுகோடியில் தொலைக்காட்சி முன்னால் உட்கார்ந்து அதே 'வாழ்க'வைச் சொல்பவரைப் பார்க்கவே போவதில்லை. ஆனாலும் 'நாம்' என்ற உணர்வு வருகிறது. இதைத்தான் பெனடிக்ட் ஆண்டர்சன் என்ற அறிஞர் 1983-இல் கற்பிதச் சமூகம் என்ற கருத்தாக முன்வைத்தார். நேரில் அறியாத லட்சக்கணக்கானவர்களை மனதால் தன்னவர்களாக எண்ணிக்கொள்ளும் கூட்டம் என்று பொருள். கற்பிதம் என்பதால் பொய் என்று அர்த்தமில்லை. காலையில் ஒரே நாளிதழைப் பிரிக்கும் அத்தனை பேரும் ஒருவரையொருவர் பார்க்காமலே ஒரே காரியத்தைச் செய்கிறார்கள். தேசிய தினம் அந்த உணர்வை ஆண்டுக்கொருமுறை கண்ணுக்குக் காட்டுகிறது.

சத்தம் போட்டால்தான் சடங்கு என்பதும் இல்லை. பின்லாந்தின் தேசிய தினம் டிசம்பர் 6. அந்த மாதத்தில் ஹெல்சிங்கியில் பிற்பகல் மூன்றரைக்குள் இருட்டிவிடும். மாலை 6 மணிக்கு வீட்டு ஜன்னல்களில் இரண்டு மெழுகுவத்திகளை ஏற்றி வைக்கிறார்கள். பிறகு பலர் வீட்டில் உட்கார்ந்து, அதிபர் மாளிகை வரவேற்பைத் தொலைக்காட்சியில் பார்க்கிறார்கள். அதில் பெரும்பகுதி, விருந்தினர்கள் வரிசையாக வந்து அதிபருக்குக் கை கொடுப்பதுதான். மணிக்கணக்கில் கை கொடுப்பதை ஒரு நாடே பார்க்கிறது என்று முதலில் படித்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது. இரண்டாம் முறை படித்தபோது வரவில்லை.

சடங்கு ஒட்டாமல் போவதும் உண்டு. ஸ்வீடனின் ஜூன் 6-க்குக் காரணம் வலுவானதுதான். 1523-இல் குஸ்தாவ் வாசா மன்னராகத் தேர்ந்தெடுக்கப்பட்ட நாள். ஆனால் அது பொது விடுமுறையானதே 2005-இல். அதற்காக வேறொரு விடுமுறையை ரத்து செய்தார்கள். லீவு கிடைத்தது, சரி. அன்று என்ன செய்வது என்பதில்தான் தடுமாற்றம். பக்கத்து நார்வேயின் மே 17-ஐப் பார்த்து ஸ்வீடன்காரர்கள் பொறாமைப்படுவது ஒரு பழகிய நகைச்சுவை.

## மேடையும் நடைபாதையும்

எந்தத் தேசிய தினத்தையும் இரண்டு இடங்களிலிருந்து பார்க்கலாம். ஒன்று மேடை: அணிவகுப்பு, கொடி, உரை. அரசு தன்னைப் பற்றிச் சொல்ல விரும்புவது அங்கே இருக்கும். இன்னொன்று நடைபாதை: வேடிக்கை பார்க்க வந்தவர்கள், ஐஸ்கிரீம் ஒழுகவிடும் குழந்தைகள், கால் வலிக்கிறது என்று முனகும் பெரியவர்கள். இரண்டும் ஒன்றையே சொல்வதில்லை.

பாரிஸில் ஜூலை 14 காலை பெருஞ்சாலையில் ராணுவ அணிவகுப்பு. மேலே விமானங்கள் மூவண்ணப் புகை விட்டுப் போகும். இதெல்லாம் படங்களில் வந்துவிடும். ஆனால் 13, 14 இரவுகளில் தீயணைப்பு நிலையங்கள் தங்கள் முற்றத்தைத் திறந்துவிடுகின்றன. வண்டிகள் நிற்கும் இடத்தில் பாட்டும் நடனமும் விடியவிடிய நடக்கும். ஊர்க்காரர்கள் வரிசையில் நின்று உள்ளே போவார்கள். குடியரசு என்ற பெரிய சொல், அந்த முற்றத்தில் தீயணைப்பு வீரரோடு ஆடும் ஆட்டமாகச் சுருங்கிப்போகிறது.

நெதர்லாந்தில் மேடையே சின்னது. ஏப்ரல் 27 மன்னரின் பிறந்தநாள். தேசியக் கொடி சிவப்பு, வெள்ளை, நீலம். ஆனால் அன்று எல்லாரும் ஆரஞ்சு நிறம் உடுத்துவார்கள், ஏனென்றால் அரச வம்சத்தின் பெயர் ஆரஞ்சு. அன்று யார் வேண்டுமானாலும் தெருவில் கடை விரிக்கலாம். பிள்ளைகள் ஒரு போர்வையை விரித்துத் தங்கள் பழைய பொம்மைகளைப் பரப்பி வைத்துக்கொண்டு பேரம் பேசுவார்கள். வணிகத்தால் வளர்ந்த நாட்டின் தேசிய தினத்தில் ஆறு வயதுப் பிள்ளை விலையைக் குறைக்க மறுக்கிறது என்பதை எந்த உரையும் இவ்வளவு அழகாகச் சொல்லாது.

இரண்டும் முட்டிக்கொள்ளும் இடங்களும் உண்டு. ஆஸ்திரேலியாவின் ஜனவரி 26, 1788-இல் பிரிட்டிஷ் கப்பல்களில் வந்தவர்கள் சிட்னியில் கொடி நாட்டிய நாள். பூர்வகுடி மக்கள் 1938-இலேயே அதைத் துக்க நாளாக அறிவித்துக் கூடினார்கள். இன்றும் பலர் அதைப் படையெடுப்பு நாள் என்கிறார்கள். கனடாவின் ஜூலை 1 நாடெங்கும் கொண்டாட்டம். நியூஃபவுண்ட்லாந்தில் மட்டும் அன்று காலை துக்கம். 1916 ஜூலை 1-இல், முதல் உலகப் போரில், பிரான்சின் போமோன் அமெல் என்ற இடத்தில் அந்தத் தீவின் படைப்பிரிவைச் சேர்ந்த சுமார் 800 பேர் முன்னேறினார்கள். மறுநாள் காலை பெயர் கூப்பிட்டபோது பதில் சொன்னவர்கள் 68 பேர். அப்போது நியூஃபவுண்ட்லாந்து கனடாவில் இல்லை, சேர்ந்தது 1949-இல். இப்போது அங்கே காலையில் கொடி அரைக்கம்பத்தில், சட்டையில் சின்ன நீலப் பூ. அப்புறம் கொடி மேலே ஏறும், கொண்டாட்டம் தொடங்கும். ஒரே தேதி, ஒரே கம்பம்.

சுருக்கமாக: சடங்கு, முகம் தெரியாதவர்களை 'நாம்' ஆக்குகிறது. மேடை ஒன்றைச் சொல்ல, நடைபாதை வேறொன்றைச் செய்யும். அந்த இடைவெளியில்தான் பயணக்கட்டுரைக்கு வேலை.

## வழிகாட்டி நூல் வேறு, பயணக்கட்டுரை வேறு

நெதர்லாந்தில் 2013 வரை இந்த விழா ஏப்ரல் 30-இல் நடந்தது. அது யூலியானா அரசியின் பிறந்தநாள். அடுத்து வந்த மகள் பெயாட்ரிக்ஸ் பிறந்தது ஜனவரி 31-இல். குளிரில் யார் தெருவில் பொம்மை விற்பது? அம்மாவின் தேதியையே வைத்துக்கொண்டார். மகன் வில்லம் அலெக்சாண்டர் மன்னரான பிறகு, 2014 முதல் அது ஏப்ரல் 27-க்கு மாறியது. பழைய வழிகாட்டியை நம்பி ஏப்ரல் 30-இல் ஆரஞ்சு உடையோடு ஆம்ஸ்டர்டாமில் வந்திறங்கி, வேலைக்குப் போகும் கூட்டத்தின் நடுவே விழித்த சுற்றுலாப் பயணிகள் உண்டு.

வழிகாட்டி நூலுக்கு அது தோல்வி. தேதி தப்பானால் அந்த நூலைக் கடாசிவிட வேண்டியதுதான். பயணக்கட்டுரைக்கோ, விழா முடிந்த ஊரில் ஆரஞ்சுத் தொப்பியோடு ஒருவர் தனியாக நிற்பது அருமையான தொடக்கம். வித்தியாசம் இவ்வளவுதான். வழிகாட்டி நூல் இனிப் போகப்போகிறவருக்காக எழுதப்படுகிறது. பயணக்கட்டுரை, போய்வந்த ஒருவர் தான் கண்டதையும் அது தன்னை என்ன செய்தது என்பதையும், போகவே போகாத நமக்கும் சேர்த்துச் சொல்வது.

பின்லாந்தின் மெழுகுவத்தியை இரண்டு விதமாக எழுதிப் பார்க்கிறேன். முதலில் வழிகாட்டியின் பாணி: 'டிசம்பர் 6 பொது விடுமுறை. பெரும்பாலான கடைகள் மூடியிருக்கும். மாலையில் ஜன்னல்களில் இரண்டு மெழுகுவத்திகள் ஏற்றுவது வழக்கம்.' இனி பயணக்கட்டுரையின் பாணி, கற்பனையாக: 'எதிர்வீட்டு ஜன்னல் மட்டும் ஏழு மணியாகியும் இருட்டாக இருந்தது. ஊரில் இல்லை போலிருக்கிறது என்று நினைத்தேன். அப்போது ஒரு கை வந்து ஒரு மெழுகுவத்தியை வைத்தது. இரண்டாவது வர வெகுநேரம் ஆனது. உள்ளே தொலைக்காட்சியில் யாரோ யாருக்கோ கை கொடுத்துக்கொண்டே இருந்தார்கள்.'

இரண்டிலும் தகவல் கிட்டத்தட்ட ஒன்றுதான். ஆனால் இரண்டாவதில் நமக்கு ஒரு கேள்வி ஒட்டிக்கொள்கிறது: ஏன் தாமதம்? வயதானவரா? தனியாக இருக்கிறாரா? எழுதியவருக்கும் தெரியாது. தெரியாமல் வெளியில் நிற்பதுதான் பயணியின் நிலை. அந்த நிலையில் நம்மையும் பக்கத்தில் நிறுத்திக்கொள்கிறார். முன்பின் தெரியாதவர் வீட்டுக் கல்யாணத்துக்கு நண்பரோடு போய் உட்கார்ந்திருக்கிறீர்களா? யார் யாரோடு பேசவில்லை, எந்தப் பாட்டு வந்ததும் எந்த மூலை எழுந்து ஆடுகிறது என்பதெல்லாம் வீட்டாரைவிட உங்கள் கண்ணில்தான் முதலில் படும். வீட்டாருக்கு அது பழகிப்போனது. இப்படி, இருக்கும் இடத்தைப் பொறுத்துச் சில கண்ணில் படுவதும் சில படாமல் போவதும்தான் நோக்குநிலை.

மொராக்கோ நாட்டுப் பயணி இபின் பதூதா இதற்குப் பழைய சாட்சி. 1325-இல் தாஞ்சியரிலிருந்து கிளம்பியவர், 1350-களின் தொடக்கத்தில் மாலி அரசவையில் ஒரு பண்டிகையைப் பார்த்தார். தேசிய தினம் என்ற பேச்சே இல்லாத காலம். கவிஞர்கள் உடம்பெல்லாம் சிறகு போர்த்தி, சிவப்பு அலகு வைத்த மரத்தலையை மாட்டிக்கொண்டு பறவைபோல அரசர் முன் வந்து நின்றார்கள். இபின் பதூதாவுக்கு அது கேலிக்கூத்தாகத் தெரிந்தது. அதை மறைக்காமல் சொல்கிறார். நல்லவேளையாக அதோடு நிறுத்தவில்லை. அவர்கள் என்ன பாடினார்கள் என்று விசாரித்தும் குறித்திருக்கிறார்: 'நீங்கள் அமர்ந்திருக்கும் இந்த மேடையில் முன்பு இன்னின்ன அரசர்கள் அமர்ந்து இன்னின்ன நன்மைகள் செய்தார்கள், நீங்களும் செய்யுங்கள்.' அவருடைய சிரிப்பை விட்டுவிட்டு நாம் பாட்டை எடுத்துக்கொள்ளலாம். ஊருக்குத் திரும்பி, நினைவிலிருந்து சொல்லி இன்னொருவரை எழுதவைத்த கதை அது, 1355-இல் முடிந்தது. ஆகப் பயணக்கட்டுரையில் பயணம் ஒரு நாளிலும் எழுத்து வேறொரு நாளிலும் நடக்கிறது என்பதையும் மறக்க வேண்டாம். தவறுகள் புகுவதும், சுவை கூடுவதும் அந்த இடைவெளியில்தான்.

## கடல் கடந்த கொண்டாட்டங்கள்

கொண்டாட்டமே பயணம் போவதும் உண்டு. அயர்லாந்தின் மார்ச் 17, அதாவது புனித பேட்ரிக்கின் நாள், அந்த நாட்டிலேயே பொது விடுமுறையானது 1903-இல்தான். நியூயார்க்கிலோ 1762-இலேயே ஊர்வலம் தொடங்கிவிட்டது. ஊரைவிட்டு வந்தவர்களுக்கு ஊர் கூடுதலாகத் தேவைப்பட்டது போலும். போர்ச்சுகலின் ஜூன் 10-க்கு அதிகாரபூர்வப் பெயரே 'போர்ச்சுகல், கமோயிஷ், போர்ச்சுகீசியச் சமூகங்கள் ஆகியோரின் நாள்'. கடைசியில் வரும் சமூகங்கள், வெளிநாடுகளில் குடியேறிய போர்ச்சுகீசியர்கள்.

கட்டுரையாளர் ஒரு நாட்டின் விழாவை வேறொரு நாட்டில் பார்த்து எழுதினால், அதே விழாதான் என்று நினைத்துப் படிக்கக் கூடாது. மே 5 அமெரிக்காவில் மெக்சிகோ வம்சாவளியினரின் பெருமையைக் காட்டும் நாளாக வளர்ந்தது. அது அமெரிக்க விழா. தப்பான தேதி என்று கேலி செய்வதைவிட, இங்கே இது எதற்காக வளர்ந்தது என்று கேட்பது மேல்.

## படிக்கும்போது

இத்தகைய கட்டுரை கையில் கிடைத்தால், எழுதியவர் எங்கே நின்றுகொண்டு பார்த்தார் என்று முதலில் தேடுங்கள். அழைப்பிதழோடு நாற்காலியில் உட்கார்ந்தவரும், கூட்டத்தில் குதிகாலைத் தூக்கி எட்டிப்பார்த்தவரும் ஒரே விழாவைப் பார்த்திருக்க முடியாது. 'இந்த நாட்டு மக்கள் எல்லாருமே' என்று ஆரம்பிக்கும் வாக்கியம் வந்தால் நான் கொஞ்சம் சந்தேகத்தோடு தாண்டிப் போவேன். 'என் பக்கத்தில் நின்ற அம்மா' என்று ஆரம்பித்தால் நிதானமாகப் படிப்பேன். தேதிக்கான காரணத்தைத் தப்பாகச் சொன்னாலும், அந்த அம்மாவைச் சரியாகப் பார்த்திருந்தால் பாதி மன்னிப்பு உண்டு.

ஒன்று மட்டும் பாக்கி. நாட்டுக்குப் பிறந்தநாள் கிடையாது என்று இவ்வளவு நேரம் சொன்னேன். மே 17 அன்று ஆஸ்லோவில் படை அணிவகுப்புக்குப் பெரிய இடமில்லை. பள்ளிப் பிள்ளைகள்தான் கொடியோடும் வாத்தியத்தோடும் பள்ளி பள்ளியாக அரண்மனையைத் தாண்டிப் போவார்கள், அரச குடும்பம் மாடத்தில் நின்று கையசைத்துக்கொண்டே இருக்கும். தெருவில் முன்பின் தெரியாதவர்கள்கூட ஒருவருக்கொருவர் 'கிராட்டுலேரர் மே டாகன்' என்று சொல்லிக்கொள்வார்கள். 'இந்த நாளுக்கு வாழ்த்துகள்' என்று அர்த்தம். வேடிக்கை பார்க்க வந்த வெளியூர்க்காரருக்கும் அந்த வாழ்த்து கிடைக்கும். நார்வேக்காரர்கள் ஆண்டு முழுக்க, யாருக்காவது பிறந்தநாள் என்றால் சொல்வதும் அதே வார்த்தைகள்தான்.